மிலிட்டரி ஏட்டையா

காலை ஐந்து மணிக்கே வாசலில் நிற்பார். அரைக்கால் சட்டை, வெள்ளை பனியன், முறுக்கிய மீசை. சைக்கிளை நிறுத்தும் பால்காரரிடம் கைக்கடிகாரத்தைக் காட்டி, “ரெண்டு நிமிஷம் லேட்” என்பார். இதைச் சொல்வது மிலிட்டரிக்காரர். அடுத்த நொடியே கேனுக்குள் எட்டிப் பார்த்து, “இன்னிக்கு எந்தத் தெருக் குழாய்?” என்பார். இதைக் கேட்பது போலீஸ்காரர். ஒரே பனியனுக்குள் இரண்டு பேர்.

வேலூர் பக்கத்தில் இது புதுப் பிறவி அல்ல. அங்கே கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பேர். சிப்பாய்க்குப் பதினைந்து வருடம் முடித்தாலே பென்ஷன் உண்டு. அதனால் மீசை அரும்பும் வயதில் ரயிலேறியவர், முப்பத்தைந்து சொச்சத்தில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்கிவிடுவார். அந்த வயதில் திண்ணையில் உட்கார்ந்தால் மாமியார் வீடு என்ன பேசும்? முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் போலீசுக்கு மனுப் போடுவார். நம்மவர் கணக்கும் இதுதான்: 1974-இல் பட்டாளம், 1991-இல் வெளியே, 1992-இல் இரண்டாம் நிலைக் காவலர், 2013-இல் 58 வயதில் ஓய்வு. 2003 ஏப்ரலுக்கு முன்பே மாநில அரசு வேலையில் சேர்ந்துவிட்டதால் பழைய பென்ஷனும் உண்டு. ஆக இரண்டு பென்ஷன். தெருவில் இவருக்கு இருக்கும் மரியாதையில் பாதி அதற்குத்தான்.

இந்தக் கணக்கில் ஒரு முள்ளும் உண்டு. இவர் காலத்தில் தமிழ்நாடு போலீசில் பத்து வருடத்தில் முதல் நிலைக் காவலர், பதினைந்தில் ஏட்டு, இருபத்தைந்தில் சிறப்பு எஸ்.ஐ. இவருக்குத் தேறியது இருபத்தொன்று. யாராவது “எஸ்.ஐ. சார்” என்று கூப்பிட்டால் மறுக்கவும் மாட்டார், ஆமாம் என்றும் சொல்ல மாட்டார். திரும்பிப் பார்ப்பார், அவ்வளவுதான்.

கதை சொல்லும்போது பேசுவது எப்போதும் பட்டாளத்துக்காரர்தான். சியாச்சின் குளிர் அவர் வாயில் வருடத்துக்கு வருடம் ஏறும். மைனஸ் ஐம்பது வரை உண்மை. அதற்குக் கீழே இறங்கினால் கையில் இருப்பது இரண்டாவது கிளாஸ் என்று அர்த்தம். கேன்டீன் கோட்டா ரம் வீட்டில் இருப்பது ஊருக்கே தெரியும். கல்யாண சீசனில் உறவு முறைகள் புதிது புதிதாக முளைக்கும். கோட்டாவைக் கைமாற்றுவது குற்றம் என்று உள்ளே இருக்கும் போலீஸ்காரர் எச்சரிப்பார். விருந்தாளியை வெறும் வாயோடு அனுப்புவது அவமானம் என்று பட்டாளத்துக்காரர் சொல்வார். கடைசியில் மச்சானுக்கு அரை கிளாஸ் கிடைக்கும், அறிவுரையோடு.

போலீஸ் கதையோ வாயில் வராது. கேட்டால், “என்ன, பந்தோபஸ்துக்கு வெயில்ல நின்னோம்” என்று முடித்துவிடுவார். அந்த உத்தியோகம் வீட்டு விவகாரத்தில்தான் வெளியே வரும். ஒருநாள் மருமகளின் தோட்டைக் காணோம். முதல் ஐந்து நிமிடம் ராணுவ நடவடிக்கை: கேட்டுக்குப் பூட்டு, யாரும் வெளியே போகக் கூடாது, கூடத்தில் எல்லாரும் வரிசை. பேரன் அசைந்ததற்கு இந்தியில் அதட்டல். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விசாரணை. புகார் கொடுத்தவரையே முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது ஸ்டேஷன் பாடம்; ஆகவே மருமகளிடமே நாற்பது நிமிடம். “கடைசியா எப்பப் பாத்தே? அப்பக் கூட யாரு இருந்தா?” வேலைக்கு வரும் அம்மாள் சோப்பு டப்பாவுக்குள்ளிருந்து தோட்டை எடுத்து நீட்டியபோதும் அவர் அசரவில்லை. “எங்க இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?” என்று அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். “ஏங்க, போதும், எழுந்து சாப்பிட வாங்க” என்ற வீட்டம்மாவின் குரலில்தான் வழக்கு முடிந்தது. அந்த வீட்டில் இவருக்கு மேலதிகாரி வீட்டம்மா ஒருவரே.

2024 இவருக்குச் சோதனையான வருடம். மே மாதம் சென்னைப் போக்குவரத்துப் போலீசார், சொந்த வண்டிகளில் ‘போலீஸ்’, ‘ஆர்மி’ என்றெல்லாம் ஒட்டக்கூடாது என்று தடை போட்டார்கள். இவர் பைக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. தடை சென்னைக்குத்தானே என்று மகன் சொல்லிப் பார்த்தான். ஆர்டர் என்றால் ஆர்டர்தான் என்று பட்டாளத்துக்காரர் பிளேடை எடுத்துச் சுரண்டினார். எழுத்தின் தடம் மட்டும் தெரிகிற மாதிரி பார்த்துக்கொண்டவர் போலீஸ்காரர்.

அடுத்த அடி ஜூலை 1. 1860-இல் பிறந்த இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. கொலைக்கு 302 போய் 103. மோசடிக்கு 420 போய் 318. இருபத்தொரு வருடம் நாக்கில் ஊறிய எண்கள் ஒரே ராத்திரியில் செல்லாக்காசு. டீக்கடையில் ஒருவனைத் திட்ட வாயெடுத்து, “அவன் ஒரு முந்நூத்திப் பதினெட்டு” என்று சொல்லிப் பார்த்தார். ஒருவருக்கும் புரியவில்லை. டீ ஆறிவிட்டது.

நவம்பர் வந்தால் ராணுவப் பென்ஷனுக்கு உயிர்ச்சான்று தர வேண்டும். இப்போது போன் கேமராவே முகத்தைப் பார்த்து முடிவு சொல்லிவிடுகிறது. பேரன் போனைப் பிடித்தான். இவர் எழுந்து ‘சாவ்தான்’ நிலையில் விறைத்து நின்றார்.

“தாத்தா, கண்ணைச் சிமிட்டுங்க.”

சாவ்தானில் நிற்பவன் அசையலாமா? விழித்தது விழித்தபடி நின்றார். ஆள் உயிரோடு இருப்பதை நம்ப மறுத்தது போன். மூன்றாம் முறையும் தோற்ற பிறகு பேரன் தந்திரம் செய்து, “விஷ்ராம்!” என்று கத்தினான். தோள் தளர்ந்தது, இமை தட்டியது, வேலை முடிந்தது.

போனில் ரசீது எண் வந்து விழுந்ததும் போலீஸ்காரர் விழித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்து எண்ணை எழுதினார். கீழே ஒரு வரி: “காலை 10.42. மேற்படி நபர் உயிருடன் இருப்பதாகத் தகவல்.”