காது வைத்திருக்க லைசென்ஸ் உண்டா?

விழுப்புரம் பக்கம் கோலியனூர் கூட்டுரோட்டில் நின்று கையடக்க ரேடியோ ஸ்கேனரை இயக்கிப் பார்க்க ஆசைப்படும் நல்ல குடிமகனுக்கு முதல் அறிவுரை: கருவியைப் பைக்குள் போடுங்கள். எதிரே நிற்கும் காவலரின் தோளில் தொங்குவதும் ரேடியோதான், உங்கள் கையில் இருப்பதும் ரேடியோதான். அவருடையது பேசவும் செய்யும். உங்களுடையது வெறுமனே கேட்கும். இந்த நாட்டில் பேசுகிறவனைவிடக் கேட்கிறவன்மேல்தான் சந்தேகம் அதிகம்.

கருவி ஒன்றும் கம்பசூத்திரமில்லை. பேட்டரியைப் போட்டு, ஆன்டெனாவைத் திருகி, ஒலியைக் கூட்டினால் ‘ஷ்ஷ்’ என்று இரையும். அந்த இரைச்சலை அடைக்க ஸ்குவெல்ச் என்று ஒரு குமிழ் உண்டு. மெல்லத் திருகிக்கொண்டே வந்து, இரைச்சல் அறுபடும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னும் அரைச் சுற்று திருகினால் இரைச்சலோடு சேர்ந்து தூரத்துக் குரல்களும், சன்னமான குரல்களும் அடங்கிப்போகும். கருவிக்கு ஒரு பழுதும் இல்லை, ஆனால் எதுவும் காதில் விழாது. குறைதீர் கூட்டத்தில் மனுவோடு வரிசையில் நின்றவர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

அடுத்து அலைவரிசை. 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானங்கள் பேசிக்கொள்ளும்; அதை ஏ.எம். முறையில் வைத்துக் கேட்க வேண்டும். அதற்குமேல் 174 வரை எஃப்.எம். முறை. ஸ்கேன் பொத்தானை அழுத்தினால் கருவி தானாக ஒவ்வொரு சேனலாக ஓடி, ஆள் பேசுகிற இடத்தில் நிற்கும். இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை என்பதால் மொட்டை மாடிக்கு ஏறினால் கூடுதலாகக் கேட்கும்.

சரி, எதைக் கேட்பது? அமெரிக்காவில் 162.400 முதல் 162.550 வரை ஏழு சேனல்களை வானிலைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். நாள் முழுக்க மழை, புயல், வெள்ளச் செய்தி ஓடும். ஆபத்து என்றால் முதலில் ஒரு சங்கொலி, பிறகு விவரம். ஸ்கேனர் வைத்திருக்கும் எவரும் கேட்கலாம்; கேட்க வேண்டும் என்றுதான் அரசாங்கமே ஒலிபரப்புகிறது. நமக்கு அப்படி ஒரே ஒரு சேனல்கூடக் கிடையாது. நமக்கு இருப்பது சட்டம்.

அந்தச் சட்டத்தின் வயதைப் பாருங்கள். கம்பியில்லாக் கருவியை லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது என்று வெள்ளைக்காரன் 1933இல் எழுதிவைத்தான். கேட்கும் கருவி மட்டும் வைத்திருந்து முதல் தடவை பிடிபட்டால் 100 ரூபாய் வரை அபராதம். வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. வீட்டில் பாட்டுப் பெட்டி வைத்திருந்தவர்கள் எண்பதுகள் வரை தபால் நிலையத்தில் வருஷா வருஷம் பணம் கட்டி ஸ்டாம்பு ஒட்டினார்கள். 1978ஆம் ஆண்டின் அமெச்சூர் ரேடியோ விதிகளில், பேசவே பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவருக்குத் தனி லைசென்ஸ் ஒன்று இருந்தது. கற்பனை இல்லை, அரசு விதி. பிறகு புதிய பாரதத்துக்குப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல் வந்தது. அதில் சட்டவிரோதமாக ஒரு செய்தியை இடைமறித்தால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அது வைத்திருந்ததற்கு, இது ஒட்டுக்கேட்டதற்கு, இரண்டும் வேறு குற்றம் என்று வக்கீல்கள் திருத்துவார்கள். திருத்தட்டும். நூறு ரூபாயிலிருந்து இரண்டு கோடிக்கு ஏறிய பொருள் நம் ஊரில் வேறு எது? மணிலாக் கொட்டைக்கு மார்க்கெட் கமிட்டியில் இந்த ஏற்றம் கிடைத்திருந்தால் விழுப்புரத்து விவசாயி ஹெலிகாப்டரில் போவான்.

இவ்வளவு கட்டிக்காத்த அலைவரிசைகள் ஊருக்கு என்ன சொல்லின என்று 2024 டிசம்பர் 2ஆம் தேதி விடியற்காலையில் பார்த்தோம்.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி கரையேறியது. மயிலத்தில் மட்டும் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. கரன்ட் போனது, டவர் போனது. மேற்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை: 1958இல் கட்டியது, 119 அடி உயரம், ஏழு டி.எம்.சி.க்குச் சற்று மேல் பிடிக்கும். அதிலிருந்து நள்ளிரவு தாண்டி விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீரைத் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். அரசூரில் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே ஆறானது. முண்டியம்பாக்கம் பக்கம் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டி ரயில்கள் நின்றன. ஆடும் மாடும் அடித்துக்கொண்டு போயின. பீரோவில் இருந்த பட்டாவும் ரேஷன் கார்டும் சேறாயின.

சொல்லாமல் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. இருக்கட்டும், ஐந்து முறை என்றே வைத்துக்கொள்வோம். எந்த வழியாக? தண்டோராவை 2022இல் நிறுத்தச் சொன்னார்கள். பறையடிக்க ஒரு சாதியை அனுப்பும் இழிவு ஒழியட்டும் என்று, நியாயமான காரணத்துக்கு. அதன் இடத்துக்கு ஒலிபெருக்கி கட்டிய வண்டி வந்தது. இடுப்பளவு தண்ணீரில் எந்த வண்டி வரும்? 2023 அக்டோபரில் ஒரு நாள் எல்லார் செல்போனையும் அலறவிட்டு, ‘இது சோதனை எச்சரிக்கை, பயப்படாதீர்கள்’ என்றார்கள். 2024இல் டி.என். அலர்ட் என்று செயலியும் வந்தது. செயலிக்கு டவர் வேண்டும், டவருக்குக் கரன்ட் வேண்டும், கரன்டுக்குப் புயல் அடிக்காமல் இருக்க வேண்டும். புயல் எச்சரிக்கை வேலை செய்யப் புயல் வராமல் இருப்பது ஒன்றே நிபந்தனை!

அதே ராத்திரியில் வேலை செய்யக்கூடியது நான்கு பென்சில் பேட்டரியில் ஓடும் ஒரு ரேடியோ. அணையிலிருந்து எவ்வளவு திறக்கிறோம், எந்தெந்த ஊர் மேட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு திறந்த அலைவரிசையில் மணிக்கு ஒருமுறை ஓர் ஆள் வாசித்தால் போதும். வெள்ளம் புகுந்த இருவேல்பட்டில் ஒருவர் கேட்டுத் தெருவுக்கே கத்திச் சொல்லியிருப்பார். 2004 டிசம்பரில் ஹாம் எனப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர் பாரதி பிரசாத் போர்ட் பிளேரில் இருந்தார். சுனாமி அடித்துத் தொலைபேசி செத்துப்போனதும், உயிரோடு இருப்பவர்களின் செய்தியை அவருடைய குழு கரைக்கு அனுப்பியது. வெள்ளத்துக்கு இருபது வருஷம் முன்பே தீவில் நடந்தது. தலைநகரத்துக்கு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருக்கும் நாம் அதிலிருந்து கற்றது என்ன?

டெண்டர் விடக் கற்றோம். 2017இல் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு டிஜிட்டல் வாக்கி டாக்கி வாங்க 83.45 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம். களத்தில் நின்றது ஒரே ஒரு நிறுவனம். இது எப்படி என்று உள்துறைச் செயலாளரே டி.ஜி.பி.க்குக் கேள்விமேல் கேள்வியாகக் கடிதம் எழுதினார். அன்று ஆண்டவர்கள் வேறு கட்சி, வெள்ளத்தின்போது ஆண்டவர்கள் வேறு கட்சி. தளவானூரில் தென்பெண்ணைக்குக் குறுக்கே 25 கோடி ரூபாயில் எழுந்த தடுப்பணை, திறந்த சில மாதங்களில் 2021 ஜனவரியில் உடைந்ததும் இதே விழுப்புரம் மாவட்டத்தில்தான். கம்பியில்லாததிலும் காசு, கம்பி வைத்துக் கட்டியதிலும் காசு.

வெள்ளம் வடிந்ததும் ரேஷன் கார்டுக்கு 2,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். டிசம்பர் 3ஆம் தேதி இருவேல்பட்டுக்குப் போன அமைச்சர் பொன்முடியின் சட்டையில் சேறு விழுந்தது. ஐந்து எச்சரிக்கை போய்ச்சேராத ஊரிலிருந்து இந்தச் செய்தி மட்டும் டவர் இல்லாமல், செயலி இல்லாமல், லைசென்ஸ் இல்லாமல் ஒரு மணி நேரத்தில் கோட்டைக்குப் போய்ச்சேர்ந்தது. வீசியவர்கள்மேல் வழக்குப் பதிவதற்கும் காவல்துறைக்குச் சிக்னல் கோளாறு எதுவும் இருக்கவில்லை.