போர் தண்ணீரா, கூலன்ட்டா?

கேள்வி: எங்கள் ஊரில் பனியா கொட்டுகிறது? காருக்குக் கூலன்ட் மாற்றச் சொல்லி மெக்கானிக் விடாமல் நச்சரிக்கிறார். போர் தண்ணீரையே ஊற்றினால் என்ன?
– ஒரு வாசகர், வேலூர்

பதில்: பனி கொட்டவில்லைதான், வெயில் கொளுத்துகிறதே! கூலன்ட் உறைவதை மட்டுமல்ல, கொதிப்பதையும் தள்ளிப்போடும். எத்திலீன் கிளைக்காலும் காய்ச்சி வடித்த நீரும் சரிபாதி கலந்தால் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி 106-க்குப் போகும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் இன்னும் மேலே ஏறும். போர் தண்ணீர் ஊற்றினால், வெந்நீர்ப் பானையில் படியும் அதே வெள்ளை உப்பு இன்ஜினுக்குள்ளும் படியும். பானையைத் தேய்த்துவிடலாம், இன்ஜினுக்குள் கையை விட முடியுமா? துருவைத் தடுக்கும் ரசாயனமும் கூலன்ட்டில்தான் இருக்கிறது. அது நாளாக நாளாக வீரியம் இழக்கும். அதனால்தான் மாற்றச் சொல்கிறார். என் ஓட்டும் அவருக்கே!

பச்சை, சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள், அது வெறும் சாயம். காரின் கையேடு சொல்லும் வகையையே ஊற்றுங்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. வடித்த பழைய கூலன்ட் இனிப்பான விஷம். தெருவில் கொட்டினால் நாய்கள் நக்கிச் செத்துப்போகும். தயவுசெய்து கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் ஒப்படையுங்கள்.