ஏறாத போதை, இறங்காத கொழுப்பு

கேள்வி: "எவ்வளவு கஞ்சா இழுத்தாலும் எனக்கு ஏறாது, உடம்பு கெட்டிப்பட்டுவிட்டது" என்று தோழன் ஒருவன் மார்தட்டுகிறான். நிஜமா சார்?
– ஒரு வாசகர், மட்டாஞ்சேரி

பதில்: உங்கள் ஊருக்கும் கஞ்சாவுக்கும் பழைய பழக்கம். கொச்சியின் டச்சு கவர்னர் வான் ரீட், இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் துணையோடு தொகுத்த 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' (1678–1693) நூலில் அந்தச் செடிக்கும் படம் உண்டு.

தோழர் விஷயத்துக்கு வருவோம். மூளையில் சிபி1 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. உடம்பே சுரக்கும் ஆனந்தமைடு உட்காரப் போட்ட நாற்காலிகள். கஞ்சாவின் டி.எச்.சி. அழையா விருந்தாளி. தினமும் வந்து சட்டமாக உட்கார்ந்தால், மூளை நாற்காலிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துவிடும். பிறகு பழைய அளவு எப்படிப் போதும்? அடியோடு நிறுத்தினால் ஏறக்குறைய நாலு வாரத்தில் ஏற்பிகள் திரும்பிவிடும். அதுவரை தூக்கம் வராது, எரிச்சல் வரும். வீட்டில் இருப்பவர்கள் பாவம்!

புகைத்தால் நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். தின்றால் கல்லீரல் அதை 11-ஹைட்ராக்ஸி டி.எச்.சி. ஆக்கி அனுப்பும். அதுவும் போதைதான், ஆனால் தாமதமாக ஏறும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று அரை மணியில் இன்னொரு உருண்டை போடுகிறவர், இரண்டு மணி நேரம் கழித்து வசமாக மாட்டுவார்.

டி.எச்.சி. கொழுப்பில் கரையும், அங்கேயே தங்கி மெல்லக் கசியும். அதனால் தினசரி ஆசாமி நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் சிறுநீரில் தடயம் தெரியும். தோழருக்கு ஏறாவிட்டால் என்ன, பரிசோதனைக் குப்பியில் ஏறிவிடும்.