சனிக்கிழமைப் பேருந்து

இஸ்ரேலில் தங்கிப் படிக்கும் இளைஞரின் நட்பு வட்டத்தைத் தீர்மானிப்பது குணமன்று, பேருந்து அட்டவணை. வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஊர் சுற்ற வாய்த்த அந்த நேரத்தில்தான், வெள்ளி பிற்பகல் முதல் சனி இரவு வரை, யூதரின் ஓய்வுநாளான சபாத்துக்காகப் பெரும்பாலான பேருந்துகளும் ரயில்களும் நின்றுவிடும். ஹைஃபா போன்ற சில ஊர்களில் மட்டும் சில ஓடும். எருசலேமில் வெள்ளி இரவு விருந்துக்கு அழைத்தால், இரவு தங்கலுக்கும் சேர்த்தே அழைத்ததாகப் பொருள்; திரும்ப வழி ஏது? டெல் அவீவில் ஷெருத் என்னும் பங்கு வேன் உண்டு. கட்டணம் கை மாறி ஓட்டுநரை அடைவதற்குள் வண்டியில் பாதிப்பேர் அறிமுகமாகிவிடுவார்கள். ஊர் சுற்றலில் சாக்கடலும் சேரும். கடல்மட்டத்துக்கு 430 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அதில் எவரும் எளிதில் மூழ்குவதில்லை. அன்று காலை சவரம் செய்தவர் மட்டும் மிதக்கவும் பொறுக்காமல் கரையேறுவார். விடுமுறை முடிந்து, ஞாயிறு காலை மீண்டும் வகுப்பு.