குடுமியான்மலைத் தேநீர்ச் சுவைப்பு: அயர்லாந்து விஸ்கி மரபோடு ஓர் ஒப்பாய்வு

வழிப்போக்கர் ஒருவர் ஓர் ஊரின் பழைய கடையில் அமர்ந்து, அவ்வூர்ப் பானத்தை நிதானமாக அருந்தித் தரம் பிரித்தறிவது இக்கட்டுரையில் 'சுவைப்பு' எனப்படும். அயர்லாந்துக்குச் செல்வோர் இதனை மதுக்கூடத்தில் விஸ்கியைக் கொண்டும், புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலைக்கு இசைக் கல்வெட்டைக் காண வருவோர் தேநீர்க்கடையில் டீயைக் கொண்டும் நிகழ்த்துகின்றனர். முன்னதைப் பற்றி நூல்கள் பல இருக்க, பின்னதைப் பற்றி வடை மடிக்கும் தாளின் அளவுக்குக்கூட ஆய்வு நிகழாமை தமிழுலகின் பெருங்குறையாகும்.

முதலில் மூப்பு, அதாவது பானம் காத்திருந்து குணம் பெறும் காலம், ஆராயத்தக்கது. முளைகட்டிய வாற்கோதுமை உள்ளிட்ட தானியங்களைப் புளிக்கவைத்து வாலையில் வடித்தெடுத்த சாராயம், மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு கிடந்தாலன்றி அதனை விஸ்கி என ஏற்பதில்லை என்பது அயர்லாந்தின் 1980ஆம் ஆண்டுச் சட்டம். குடுமியான்மலையின் எழுதாச் சட்டமோ இதற்கு நேர்மாறானது. வடிபையில் நெடுநேரம் ஊறி மூத்த தூளை வாடிக்கையாளர் டீ என ஏற்பதில்லை என்பதோடு, "அண்ணே, தூள மாத்துங்க" என்று தீர்ப்பும் உடனே வழங்கிவிடுகிறார். இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திரத்தை 1930இல் அசாமில் மெக்கெர்ச்சர் உருவாக்கியபின் பெருகிய இத்தூள், சாயத்தை விரைந்து இறக்கும் இயல்புடையதாதலின், மூப்புக்குச் சில நிமிடங்களே போதுமானவை.

இரண்டாவது, குறியீட்டு முறை. ஏழாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் இசைக் கல்வெட்டு, ஏழு பண்களின் சுரங்களை நான்கு நான்காகத் தொகுத்து, ஒவ்வொரு சுர எழுத்திலும் உயிரொலியை மாற்றி நுண்வேறுபாடு காட்டுகிறது. தேநீர்க்கடையிலும் ஸ்ட்ராங், மீடியம், லைட் எனச் சாயம் மூவகைப்படும்; தூக்கல், கம்மி, இல்லாமல் எனச் சர்க்கரையும் மூவகைப்படும்; ஆற்றியது, ஆற்றாதது எனப் பக்குவம் இருவகைப்படும். இவற்றைப் பெருக்கப் பதினெட்டு டீக்கள் பிறக்கின்றன. ஏழு பண்ணுக்கே ஒரு பாறை தேவைப்பட்டிருக்க, பதினெட்டையும் பலகையின்றி, தாளின்றி, ஆளுக்கொன்றாக நினைவில் நிறுத்தும் மாஸ்டரின் புலமை எத்தகையது என்பதை அறிஞர்கள் எண்ணிப் பார்ப்பாராக.

மூன்றாவது, சுவைக்கும் படிநிலைகள். விஸ்கி வல்லோர் நிறம் கண்டு, மணம் முகர்ந்து, சில துளி நீர் சேர்த்து, நாவில் நிறுத்தி, விழுங்கியபின் எஞ்சும் கடைச்சுவையைக் குறித்துக்கொள்வர். டீயில் முதல் படிநிலை நுரையால் மறைக்கப்படுவதும், இரண்டாவது வடைச்சட்டியின் எண்ணெய் மணத்தால் கவரப்படுவதும் ஆய்வாளருக்கு இடர் தருவனவே. நீருக்கு ஈடாக இங்கே பால் அமைகிறது. பாலின் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருளைப் பற்றிக்கொள்வதால் துவர்ப்பு அடங்குகிறது.

வடையை டீக்கு முன் உண்பதா, உடன் உண்பதா என்பதில் இரு கட்சிகள் உள்ளன. மிளகாயின் காரமும் சூடும் நாவில் ஒரே உணர்வேற்பியைத் தூண்டுவதால், பச்சைமிளகாய் கடித்தபின் ஆற்றாத டீயைப் பருகுபவர் இரட்டிப்பு எரிச்சலுக்கு ஆளாவார். ஆகவே முன்னுண்ணும் கட்சியினர் ஆற்றிய டீயையே கேட்டு வாங்குதல் அறிவுடைமை.

இவ்வாறு ஒப்புநோக்க, மூப்பில் அயர்லாந்தும், வகைப்பெருக்கத்தில் குடுமியான்மலையும் முந்துகின்றன. எனினும் 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மது இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம் என்று மோட்டார் வாகனச் சட்டம் கூறுவதால், பதினெட்டையும் சுவைத்து முடித்தபின் தாமே இருசக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு சுமார் 20 கி.மீ. தொலைவிலுள்ள புதுக்கோட்டைக்குத் திரும்ப இயலும் குடுமியான்மலை மரபே பயணிக்கு உகந்தது என்பது இவ்வாய்வின் முடிபு.