கொட்டும் முன் நோட்டீஸ்

லாஸ் ஏஞ்சலஸ் மாநகராட்சியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். 2015இல் வீட்டுக் கொல்லையில் தேனீ வளர்க்க அனுமதித்தார்கள். சும்மா அல்ல, சட்டதிட்டத்தோடு. பெட்டியைப் பதிய வேண்டும். வேலியிலிருந்து 5 அடி தள்ளி வைக்க வேண்டும். பக்கத்து வீட்டு நீச்சல் குளத்தில் வாய் வைக்காதபடி தண்ணீரும் காட்ட வேண்டும். பூத்தேடி 5 கிலோமீட்டர்கூடப் பறக்கும் தேனீ அந்த 5 அடியை மதிக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. அடுத்து, பூவுக்குள் நுழையத் தடையில்லாச் சான்று. கொட்டுவதற்கு 15 நாள் முன்னறிவிப்பு. கொட்டிய தேனீதான் செத்துவிடுமே, அபராதம் யாரிடம்? ராணியிடம் வசூலிக்கலாம்.

இதற்கிடையே, அதே ஊரின் சுவர்ப் பொந்துகளில் ஆப்பிரிக்கக் கலப்புள்ள முரட்டுத் தேனீக்கள் விண்ணப்பமே போடாமல் குடியிருக்கின்றன. நோட்டீஸ் ஒட்ட ஆள் தேவை. ஓடத் தெரிந்திருந்தால் போதும்.