வலது கண்ணு டிரைவரு, இடது கண்ணு கிளீனரு

ஏத்தா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கீழ வையி. விடிஞ்சதுலருந்து கண்ணோரத்தை இழுத்து இழுத்துப் பாத்துக்கிட்டிருக்க. 29 வயசுல ரெண்டு கோடு விழுந்ததுக்கா இந்த ஒப்பாரி? அந்தக் கிரீம் டப்பா என்ன வெல? 1,400 ரூபாயா! இம்புட்டுக்காண்டு இருக்கு, பாலாடை கூட நெறையாதே தாயி. அந்தக் காசுக்குச் செவ்வாழைத் தாரு ஒண்ணு வாங்கியாந்தா வீடே ஒரு வாரம் திங்கும். கோடு போகாது, வயிறாச்சும் நெறையும்.

சுருக்கம்னா என்னன்னு தெரியணுமா? என் மூஞ்சியப் பாரு. கிட்ட வா. வலது கண்ணோரம் கண்மாய்க் கரம்பை வெடிச்ச மாதிரி கெடக்கா? இடது பக்கம் அதுல பாதி கூட இல்லைல்ல? ஒரே தலைதான், ஒரே வயசுதான். 31 வருசம் சின்னமனூர்லருந்து வாழைத்தாரு லோடு அடிச்சேன். காலையில தேனிப் பக்கம் போகையில சூரியன் வலது சன்னல்ல நிப்பான். எறக்கிட்டுச் சாயங்காலம் திரும்புனா மேக்க எறங்கிக்கிட்டே மறுபடியும் அதே வலது சன்னலுக்கு வந்துருவான். டிக்கெட் எடுக்காத பயணி. இடது பக்கம் கிளீனர் பய நெழல்ல கொறட்டை விட்டுக்கிட்டு வந்தான். அவன் பக்கம் இருந்த என் கன்னமும் நெழல்லயே இருந்து தப்பிச்சுக்கிருச்சு.

தோல் டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னேன். சிரிச்சுப்புட்டு ஒரு படத்தக் காட்டுனாங்க. 2012-ல அமெரிக்க மருத்துவப் பத்திரிகை ஒண்ணுல வந்ததாம். நம்ம சாதிசனந்தான், லாரிக்காரன். 69 வயசு, 28 வருசம் வண்டி ஓட்டுனவன். அவனுக்கு எடது பாதி மூஞ்சி தொங்கிக் கெடக்கு. அங்கிட்டு ஸ்டியரிங்கு எடது பக்கம்ல! கண்ணாடியை ஏத்தி விட்டா வெயிலு வராதுன்னுதான் நானும் நெனச்சேன். தோலைச் சுடுற கதிரைத்தான் கண்ணாடி பெரும்பாலும் தடுக்குமாம். யூ.வி.ஏ.ன்னு இன்னொண்ணு இருக்காம், அது கண்ணாடியத் தாண்டி ஆழமா எறங்கி, தோலைத் தாங்கி நிக்கிற கொலாஜனை அரிச்சுப்புடுமாம். திராட்சைப் பந்தல்ல கல்லுக்கால் சாஞ்சா கம்பி தொங்குமே, அந்தக் கததான். அதுலயும் கண்ணோரத் தோலு வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. எண்ணெய்ப் பசையும் கொறவு.

இப்ப ஒன் சங்கதிக்கு வருவோம். ராத்திரி 1,400 ரூபா கிரீமைப் பூசுற. பகல்ல மொட்ட வெயில்ல, ஹெல்மெட்ட ஸ்கூட்டி கண்ணாடியில மாட்டிக்கிட்டு, கண்ணை இடுக்கிக்கிட்டுப் போற. ஓட்டைக் கொடத்துல தண்ணி மோந்தா மாதிரி. கண்ணை இடுக்கி இடுக்கியே மடிப்பு விழுந்துரும், சலவைக்காரன் போட்ட மடிப்பு மாதிரி. நல்ல கூலிங்கிளாஸ் ஒண்ணு போடு. கறுப்பா இருந்தாப் பத்தாது, யூ.வி. 400-னு போட்டிருக்கணும். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல உள்ள சன்ஸ்கிரீன, யூ.வி.ஏ.வையும் தடுக்குறதாப் பாத்து வாங்கு. கல்யாண வீட்டுச் சந்தனம் மாதிரி தொட்டுத் தொட்டு வைக்காத, தாராளமாப் போடு. வெளியில திரிஞ்சா ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசணும். ஆஸ்திரேலியாவுல நாம்பூர்னு ஒரு ஊரு, அங்க நாலரை வருசம் சோதிச்சுப் பாத்துருக்கான். தெனமும் பூசுனவுகளுக்கு, இஷ்டத்துக்குப் பூசுனவுகளை விட 24 சதவீதம் தோல் முதுமை கொறவுன்னு 2013-ல எழுதுனான்.

இதெல்லாம் நம்ம கம்பம் பக்கத்துப் பொம்பளைகளுக்குப் புதுசா? தோட்டத்துக்குப் போகையில புருசன் சட்டையை முழுக்கையா மாட்டி, துண்டை நெத்தி மறைய இழுத்துக் கட்டிட்டுத்தான் போவாளுக. நீ அதப் பாத்துச் சிரிச்சவ. அவளுக சட்டைக்கு மாடல் பொண்ணுதான் கெடைக்கல.

விழுந்த கோட்டுக்கு மருந்து இல்லாம இல்ல. ரெட்டினாய்டுன்னு ஒண்ணு இருக்கு. ராத்திரிக்கு மட்டும், பட்டாணி அளவு, மொதல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள். எமை மேல படக்கூடாது. மாசக் கணக்குல பொறுமை வேணும். நாளைக்கு நல்லது நடந்து முழுகாம இருந்தா அதைத் தொடாத. வெள்ளரிக்காய்த் துண்டு வீக்கத்துக்குக் குளுகுளுன்னு இருக்கும். கோட்டுக்கு அது வெறும் கூட்டுக்கறிதான். எலுமிச்சம்பழத்தத் தேச்சுக்கிட்டு வெயில்ல போனியோ, கோட்டுக்குப் பதிலாக் கருந்திட்டு வந்து உக்காரும்.

சுருக்கத்துக்கு ஊசி போடவான்னு கேக்குறியா? அது கனடாவுல ஜீன் கருதர்ஸ்னு கண் டாக்டரம்மா, எமைத் துடிப்புக்கு ஊசி போடப் போக, நெத்திச் சுருக்கம் மறையுதேன்னு 1987-ல கண்டுக்கிட்ட வித்தை. வீட்டுக்காரரு அலஸ்டெயர் தோல் டாக்டரு. ரெண்டு பேருஞ்சேந்து 1992-ல எழுதுனாக. கெட்டுப்போன பண்டத்துல ஆளைக் கொல்லுமே, அதே நஞ்சுதான், துளியூண்டு. மூணு நாலு மாசத்துல திரும்பவும் போகணும். லாரிக்கு எஃப்.சி. எடுக்கக் கூட இம்புட்டு அலைச்சல் இல்ல.

நம்ம சின்னமனூர்ச் செப்பேடு தெரியும்ல? பாண்டியன் ராசசிம்மன் காலத்துது, மகாபாரதத்தைத் தமிழாக்குனதையும் மதுரையில சங்கம் வச்சதையும் சொல்றது. அதப் படிக்கப் பெரிய பெரிய பண்டிதரு வேணும். என் கண்ணோரத்த ஒங்க அப்பத்தா ஒத்தப் பார்வையில படிச்சுருவா. இனிப்பு தின்னேனா, கடைக்கிப் போயிப் பீடி குடிச்சேனா, அம்புட்டும் அதுல இருக்காம். பீடியும் சுருக்கம் போடும்னு டாக்டரம்மா சொன்னத அவகிட்டச் சொல்லித் தொலைக்காத.

அந்தா, காப்பியோட வாரா. கொஞ்சம் தள்ளி உக்காரு தாயி, சக்கரை கேக்கணும். எடது பக்கத்தக் காட்டிக்கிறேன்.